இழுத்துப் பார்க்க வேண்டாம்

பத்மநாதனுக்குச் சந்தேகம் என்பது குணம் மட்டுமல்ல, பிழைப்பும் அதுதான். மார்க்கம் நகரில் கார்ப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் இருபத்தாறு வருடம் பழுது பிடிக்கும் வேலை பார்த்தவர். பெல்ற்றில் வரும் ஒவ்வொரு சாமானையும் தூக்கி, திருப்பி, சுட்டுவிரலால் தடவிப் பார்ப்பார். மயிரிழைக் கீறல் இருந்தாலும் ஒதுக்கிவிடுவார். ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கண் சும்மா இருக்குமா? தமிழ்க்கடைத் தராசு, வாசலில் பொதி வைத்துவிட்டுப் போகிறவன், வானிலை அறிக்கை என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. மனைவி யோகராணி லைசென்ஸ் எடுத்து இருபது வருடமாகிறது. அவள் பிரேக் பிடிக்கும் விதத்தில் நம்பிக்கை இல்லாததால் இன்றுவரை கார்த் திறப்பை அவள் கையில் கொடுத்துக் காரை ஓட விட்டதில்லை.

அறுபத்தேழு வயதிலும் வாயில் இருப்பதெல்லாம் சொந்தப் பல் என்பது அவருடைய பெரிய பெருமை. அந்தப் பெருமைக்குத்தான் ஆபத்து வந்தது. கீழ்வரிசை முன்பல் இரண்டிலும் பல்லைப் பிடித்திருக்கும் முரசுச் சதை இறங்கி வேர் தெரியத் தொடங்கியது. இப்படியே விட்டால் இரண்டும் ஆடி விழுந்துவிடும் என்றாள் மில்லிக்கன் பிளாசாவில் இருக்கும் பல் வைத்தியர் சுபாங்கி. மேலண்ணத்திலிருந்து கொஞ்சம் தசை எடுத்துக் கீழ்முரசில் வைத்துத் தைக்க வேண்டுமாம். அவள் வேறு கேள்விகளும் கேட்டாள். சுகர் இருக்கிறதா, சிகரெட் உண்டா, நித்திரை எப்படி? முப்பது வருடம் பிடித்த சிகரெட்டை அறுபதாவது வயதில் விட்டதாக அவர் சொன்னார். விட்டது மிகவும் நல்லது, ஆனாலும் வயது போகப் போக முரசு மெல்லத்தான் ஆறும், புகை பட்ட முரசு இன்னும் மெல்ல ஆறும் என்றாள் அவள்.

வேலை தொடங்க முதலே சாட்டுச் சொல்லி வைக்கிறாள் என்று பத்மநாதன் மனதுக்குள் குறித்துக்கொண்டார்.

தையல் முடிந்ததும் ஒரு தாள் கொடுத்தார்கள். குழைந்த சோறு சாப்பிடலாம், சூடாகக் குடிக்கக் கூடாது, அந்த இடத்தில் பிரஷ் படக் கூடாது. இதெல்லாம் அவருக்குச் சரியாகத்தான் பட்டது. கடைசி வரியில்தான் அவருடைய கண் நின்றது: உதட்டை இழுத்துப் பார்க்க வேண்டாம். ஏன் பார்க்கக் கூடாது? செய்த வேலை ஒழுங்கென்றால் எதற்காக மறைக்க வேண்டும்?

மற்ற எல்லா விதியையும் அட்சரம் பிசகாமல் காப்பாற்றினார், பிறகு பழி தன் தலையில் விழக் கூடாது என்பதற்காக. கடைசி விதியை மட்டும் அன்று பின்னேரமே மீறினார். குளியலறைக் கண்ணாடியின் முன் நின்று உதட்டைக் கீழே இழுத்து, மற்றக் கையால் போனில் ஒரு படம் எடுத்தார். அதன்பின் ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் ஒரு படம். ஐந்தாம் நாள் ஓரம் கொஞ்சம் கிளம்பியதுபோல் தெரிந்தது. ஒன்பதாம் நாள் ஒரு தையல் விட்டிருந்தது. பார்த்தாயா, நான் சொன்னேன் அல்லவா என்று அவருக்குக் கிட்டத்தட்டச் சந்தோஷமாகவே இருந்தது.

"இஞ்சருங்கோ, அதைக் கொஞ்சம் சும்மா விடுங்கோவன். ஆறட்டும்," என்றாள் யோகராணி.

அவளையும் அவர் ஒரு மாதிரிப் பார்த்தார். சுபாங்கியின் தாயும் இவளும் கோயிலில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து கதைப்பவர்கள்.

பதினான்காம் நாள், பொருத்திய தசையில் பாதி வெள்ளையாகித் தொங்கியது. பத்மநாதன் நல்ல சேர்ட் போட்டுக்கொண்டு, யோகராணியையும் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போனார். சுபாங்கி வாயைப் பார்த்து முகத்தைச் சுருக்கினாள். அதற்காகவே காத்திருந்தவர் போனை நீட்டினார்.

"பிள்ளை, உம்மடை வேலை பிழைச்சுப் போச்சு. ஆதாரம் எல்லாம் உதுக்குள்ளை இருக்கு."

அவள் கோபிக்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, நாற்பத்தொரு படத்தையும் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். கடைசிப் படத்தைப் பெரிதாக்கி அவர் பக்கம் திருப்பினாள்.

"அங்கிள், இது ஆரின்ரை விரல்?"

படத்தின் நடுவில் முரசு சின்னதாகத்தான் தெரிந்தது. உதட்டை நாடிவரை இழுத்துப் பிடித்திருந்த சுட்டுவிரல்தான் பெரிதாகத் தெரிந்தது. நாற்பத்தொரு படத்திலும் அதே விரல்.

வைத்த தசைக்குள் புது இரத்தநாளம் ஓடினால்தான் அது ஒட்டும், இந்த வயதில் அது நூல் நூலாகத்தான் வரும், ஒவ்வொரு இழுவையிலும் அந்த நூல் அறுந்திருக்கிறது என்று அவள் ஆறுதலாகவே சொன்னாள். ஒரு பல்லுக்குப் பயமில்லை. மற்றதற்கு மூன்று மாதம் கழித்து இன்னொரு தரம் தைத்துப் பார்க்கலாம். அதுவரை அந்தப் பல் நிற்குமா என்று அவளால் சொல்ல முடியவில்லை. பத்மநாதன் போனை வாங்கிச் சேர்ட் பைக்குள் போட்டார். வெட்கமாக இருந்தது.

வெளியே வந்து காரைத் திறந்தார். பக்கக் கண்ணாடியில் தன் வாயைக் கண்டதும் விரல் தானாக உதட்டுக்குப் போனது. பாதியில் நிறுத்திக்கொண்டார். சுற்றி நடந்து மற்றப் பக்கத்துச் சீற்றில் ஏறினார். வலது கையைத் தொடைக்குக் கீழே வைத்து, அதன்மேல் அழுத்தி உட்கார்ந்தார்.

"நீர் காரை ஓடும்," என்று இடது கையால் திறப்பை யோகராணியிடம் நீட்டினார்.