படையலில் வைத்த கஞ்சி

அண்ணனை ‘அவர்’ என்று எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை. ‘அவன்’ என்றே எழுதுகிறேன்.

அப்பாவுக்கு இதயம் பலவீனமாகி, கால் வீங்கி, நாலு அடி நடந்தால் மூச்சு வாங்க ஆரம்பித்தபோது வயது எழுபத்து நான்கு. விருத்தாசலத்தில் செராமிக் கம்பெனியில் சூளை பார்த்தவர், ஓய்வுக்குப் பிறகு அண்ணன் வீட்டோடு இருந்தார். ஆஸ்பத்திரியில் உப்பையும் தண்ணீரையும் குறைக்கச் சொல்லி அனுப்பினார்கள். எங்கள் பக்கம் நோயாளி என்றாலே பத்தியம்தான். அண்ணன் உப்போடு சேர்த்து முட்டை, மீன், பருப்பு, தயிர் எல்லாவற்றையும் நிறுத்தினான். மூன்று வேளையும் அரிசிக் கஞ்சி.

நான் திட்டக்குடியிலிருந்து ஞாயிறுதோறும் பஸ் ஏறிப் போவேன். ஒருமுறை அப்பா என்னை அருகில் கூப்பிட்டு, “ஒரு முட்டை அவிச்சுத் தரச் சொல்லும்மா. எழுந்து நிக்கவே தெம்பில்ல” என்றார். போய்ச் சொன்னேன். அண்ணன் பாய்ந்தான்.

“இதயம் வீக்கா இருக்கறவருக்கு முட்டையா? கொல்லச் சொல்றியா? எடை கூடியிருக்குது பாரு. ஒடம்பு தேறிக்கிட்டு வருது.”

கட்டிக்கொடுத்த பெண் பிறந்த வீட்டு அடுப்பில் தலையிடக் கூடாது என்று வளர்ந்தவள் நான். வாயை மூடிக்கொண்டேன். பார்க்க வந்தவர்களும் முகம் பூரித்திருக்கிறது என்றே சொல்லிவிட்டுப் போனார்கள். கூடியது சதையில்லை, நீர்.

மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்த்து, ஊசி போட்டு நீரை இறக்கினார்கள். நான்கே நாளில் அப்பா எலும்பும் தோலுமாகக் கிடந்தார். டாக்டரம்மா அவர் மேல்கையை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்துவிட்டு எங்களிடம் திரும்பினார்.

“உப்பைக் கொறைக்கச் சொன்னா சாப்பாட்டையே கொறைச்சிட்டீங்களா? சதை கரைஞ்சு போனா நோயைத் தாங்க ஒடம்புல என்னங்க இருக்குது?”

அதற்குப் பிறகு அப்பா எழுந்து நிற்கவே இல்லை. மூன்றாம் வாரம் போய்ச் சேர்ந்தார்.

கருமாதிக்கு மறுநாள் கறிச்சோறு படைப்பது எங்கள் வழக்கம். அண்ணன் தடபுடல் செய்திருந்தான். தலைவாழை இலையில் ஆட்டுக்கறி, மீன் வறுவல், ஆறு அவித்த முட்டை. உயிரோடு இருந்தவருக்கு ஒன்று கொடுக்காதவன் படத்துக்கு ஆறு வைக்கிறான்! இப்படித்தான் செய்வான் என்று தெரிந்தே, காலையில் உப்பில்லாமல் கஞ்சி காய்ச்சித் தூக்குவாளியில் கொண்டுபோயிருந்தேன். சொந்தபந்தம் எல்லாம் கூடி நிற்க, அவன் கற்பூரம் ஏற்றப்போகும் நேரம் பார்த்து இலையை ஓரமாக இழுத்துத் தள்ளினேன். அந்த இடத்தில் கஞ்சியை வைத்தேன்.

“இதத்தானண்ணே அவருக்குக் குடுத்த? இதையே படை.”

அண்ணன் முகம் செத்துப்போனது. பிறகு எல்லார் முன்னாலும் அழுதான். பொய் சொல்ல மாட்டேன், அந்த அழுகை எனக்கு இனித்தது.

அழுதுகொண்டே கேட்டான். “எனக்குத் தெரியல, தப்புப் பண்ணிட்டேன். உன்கிட்டதானே அவரு வாய் வுட்டுக் கேட்டாரு? வாராவாரம் வந்தியே, உன் வூட்டுலேர்ந்து ஒண்ணை அவிச்சு எடுத்தாந்து, என்னைத் திட்டிட்டாவது ஊட்டியிருக்கக் கூடாதா?”

நான் வாராவாரம் கொண்டுபோனது ரொட்டிப் பாக்கெட். பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். கஞ்சிக்காக அவனை ஒருநாள் மன்னித்தாலும் மன்னிப்பேன். அந்தக் கேள்வியைக் கேட்டதற்கு மன்னிக்கவே மாட்டேன்.