நோன்பு மாதத்து மதியச் சாப்பாடு

தந்தவனும் அழைத்துக்கொண்டவனும் அல்லாஹ் ஒருவனே. அவனைப் புகழ்ந்து, எங்கள் வாப்பா மறைந்து ஓராண்டு நிறையும் இவ்வேளையில், அவருடைய மூத்த மகளாகிய நான் இதை எழுதுகிறேன். உண்மையில் புத்தளத்தில் இருக்கும் தம்பிதான் எழுதியிருக்க வேண்டும். அவனுக்குத்தான் எழுத்து வரும். கடைசிவரை வாப்பாவோடு இருந்தது நான்தான் என்று சொல்லி என் தலையில் கட்டிவிட்டான். பிழை இருந்தால் அவனைக் கேளுங்கள்.

வாப்பா யாழ்ப்பாணம் சோனகத்தெருவில் பிறந்தார். சிறு வயதிலேயே தகப்பனை இழந்ததால் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு உழைக்க இறங்கினார். சைக்கிள் கரியரில் பிடவை மூட்டையைக் கட்டிக்கொண்டு மானிப்பாய்ப் பக்கத்துக் கிராமங்களுக்குப் போய் விற்பார். சேலையில் ஏதும் குறை இருந்தால், வாங்குகிறவர் கண்டுபிடிக்கும் முன் தானே காட்டிவிடுவார். இப்படி வியாபாரம் செய்தால் உருப்பட்ட மாதிரித்தான் என்று உம்மா முணுமுணுப்பார். ஆனாலும் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வாப்பாவின் மூட்டைக்காகவே காத்திருந்த வீடுகள் அங்கே பல.

தொண்ணூறில், யுத்த நேரம், ஆயுதம் ஏந்திய இயக்கம் முஸ்லிம்களாகிய எங்களை ஊரைவிட்டுப் போகச் சொன்னபோது உடுத்த உடுப்போடு புறப்பட்டோம். புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்துகொண்டு வாப்பா மறுபடியும் ஒரு சைக்கிள் தேடி, மூட்டை கட்டி, எங்கள் இருவரையும் படிக்க வைத்தார். உம்மாவை அந்த மண்ணிலேயே அடக்கினோம். யுத்தம் முடிந்த பிறகு வாப்பா ஊர் திரும்பினார். நானும் என் கணவரும் கூடவே வந்து, கூரையில்லாமல் நின்ற வீட்டைத் திருத்திக் குடியேறினோம். பட்ட கஷ்டங்களை வாப்பா விரித்துச் சொன்னதில்லை. யாராவது கேட்டால், "அல்லா நடத்தினான், நடந்தம்" என்பார்.

இப்படிப் பொறுமையான மனிதர் நோன்பு விஷயத்தில் மட்டும் மகா பிடிவாதக்காரர். சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, முற்றியிருந்த நேரம், ஒரு நோன்பில் வாசலில் மயங்கி விழுந்தார். இனி நோன்பு பிடித்தால் உயிருக்கு ஆபத்து, ஊசி போட்டால் கட்டாயம் சாப்பிட வேண்டும் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அடுத்த நோன்பு நெருங்க நெருங்க நான் கலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெற்றவர்களைப் பார்த்து 'சீ' என்றுகூடச் சொல்லக் கூடாது என்று படித்து வளர்ந்தவள் நான். அவருடைய சொல்லை மீறவும் மனமில்லை, அவரைச் சாகவிடவும் மனமில்லை. தம்பிக்குப் போன் எடுத்தால், வாப்பாவின் மனத்தை நோகடிக்காதீர்கள் ராத்தா என்றான். தூர இருந்து சொல்வது லேசு.

பள்ளிவாசல் மௌலவி வீட்டுக்கு வந்து பக்குவமாகக் கதைத்தார். சலுகை தந்ததும் அல்லாஹ்தான், அதை ஏற்றுக்கொள்வதும் வணக்கம்தான், விடுகிற ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்கு அரிசி கொடுத்தால் போதும் என்று விளங்கப்படுத்தினார். வாப்பா தலையாட்டினார். நோன்பு தொடங்கியதும் காலையில் பால்பேணிச் சுண்டால் அரிசியை அளந்து, மேலே ஒரு பிடி அள்ளிப் போட்டு, அடுத்த ஒழுங்கையில் தனித்திருந்த ஒரு தாய்க்குத் தானே கொண்டுபோய்க் கொடுத்தார். அப்பாடா என்று இருந்தது எனக்கு.

ஆனால் மதியம் சோறு வைத்தால் தொடவில்லை. வீடு முழுக்க நோன்பு, தெரு முழுக்க நோன்பு. "பிள்ளையள் பட்டினி கிடக்க, நான் மட்டும் எப்பிடி மகள் வாயிலை வைக்கிறது?" என்றார். நோன்பும் இல்லை, சாப்பாடும் இல்லை, ஊசி மட்டும் உடம்பில் ஏறிவிட்டது. பின்னேரம் அவருடைய கை நடுங்கத் தொடங்கியது. கெஞ்சி மன்றாடிச் சீனித் தண்ணீர் பருக்கினேன். இந்த மாதத்தை வாப்பா தாண்டமாட்டார் என்ற பயம் அன்றைக்குத்தான் எனக்கு வந்தது.

மறுநாள் விடிந்ததும் பஸ் ஏறி மானிப்பாய்க்குப் போனேன். அங்கே ஒரு தோட்டக்கார ஐயா இருக்கிறார். அவருடைய தாயார் வாப்பாவிடம் சேலை வாங்கியவர். அந்தப் பழக்கத்தில் இவரும் வாப்பாவும் இளவயதிலேயே கூட்டாளிகள் ஆனவர்கள். எங்களைப் போலவே இவரும் அண்ணன் முறையில் வாப்பாவை 'நானா' என்றுதான் கூப்பிடுவார். மனைவி காலமாகி, பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, ஐயா தனியே சமைத்துச் சாப்பிட்டு வந்தார். நோன்பு முடியும்வரை மதியச் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்கு விருந்தாளியாக வர முடியுமா என்று கேட்டேன். விருந்தாளியைத் தனியே சாப்பிட விட வாப்பாவால் ஏலாது என்பது எனக்குத் தெரியும். ஐயா மண்வெட்டியைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"நோன்பு வீட்டிலை போயிருந்து சாப்பிட எனக்கு வெக்கமாக் கிடக்கு பிள்ளை. ஆனா நானா உயிரோடை இருக்க வேணும். வாறன்" என்றார்.

அன்று மதியமே சைக்கிளில் வந்து இறங்கினார். நான் இரண்டு பேருக்கும் தனித்தனிக் கோப்பையில் சோறு போட்டு வைத்தேன். வாப்பா அவற்றைத் தள்ளிவிட்டு, சகனைக் கொண்டுவரச் சொன்னார். சகன் என்பது பெரிய தட்டம். அதில் சோறு போட்டுச் சுற்றியிருந்து சேர்ந்து உண்பது, விருந்தாளிக்கு நாங்கள் செய்யும் மரியாதை. சைவ சமயத்தவரான ஐயா எங்களோடு ஒரே தட்டத்தில் கை வைப்பாரோ என்று நான் தயங்கி நின்றேன். அவரோ சாரத்தை ஒதுக்கிக்கொண்டு பாயில் இருந்துவிட்டார். வாப்பா அவருடைய கைக்குத் தண்ணீர் வார்த்தார். மீன் துண்டை வாப்பா அந்தப் பக்கம் தள்ள, ஐயா இந்தப் பக்கம் தள்ள, இரண்டு பேரும் சோற்றை விட்டுவிட்டு மீனுக்குச் சண்டை பிடித்தார்கள். கடைசியில் வாப்பா பிஸ்மி சொல்லி ஒரு வாய் உண்டார். நான் குசினிக்குள் போய் நின்று அழுதேன்.

அதன்பின் ஒரு நாளும் ஐயா வராமல் விடவில்லை. வெள்ளிக்கிழமையில் அவர் மச்சம் சாப்பிடமாட்டார் என்பதால் அன்றைக்குக் கத்தரிக்காயும் பருப்பும். மரக்கறி என்றால் முகம் சுளிக்கும் எங்கள் வாப்பா அதையும் வாய் திறவாமல் உண்டார்.

பெருநாள் அன்று நான் ஸலாம் சொல்லிக் கையை முத்தமிட்டபோது வாப்பா என் கையை விடவில்லை.

"அவரைக் கூட்டிக்கொண்டு வந்தது நீதான் எண்டு முதல் நாளே எனக்குத் தெரியும் மகள். தெரிஞ்சுதான் சாப்பிட்டன். நோன்போடை நிண்டு நீ சமைச்சதை நான் தள்ளினா, அல்லா என்னைக் கேப்பான்."

பெற்றவருக்குப் பிள்ளை செய்கிற கடமையைத்தான் அதுவரை நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதைச் செய்ய விட்டுக்கொடுத்தது வாப்பாவின் பெருந்தன்மை.

அந்த வருடமே ஹஜ் மாதத்தில் ஒரு காலை, சுபஹு தொழுதுவிட்டுச் சாய்ந்தவர் எழும்பவில்லை. தம்பி வந்து குளிப்பாட்டி, ஜனாஸாத் தொழுகையையும் அவனே நடத்தினான். சந்தூக்குக்குத் தோள் கொடுத்தவர்களில் மானிப்பாய் ஐயாவும் ஒருவர்.

வாப்பாவை அன்போடு பார்த்த வைத்தியருக்கும், மௌலவிக்கும், அயலவர்களுக்கும், புத்தளத்தில் இருந்து ஓடிவந்த உறவுகளுக்கும், கபுறடிவரை நடந்த எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அல்லாஹ் உங்களுக்கு நற்கூலி தரட்டும்.

மானிப்பாய் ஐயாவுக்கு நன்றி சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை. நடந்ததைச் சொல்கிறேன். இந்த வருட நோன்பின் முதல் நாள் மதியம் அவர் படலையடியில் சைக்கிளோடு நின்றார். பழக்கத்தில் வந்துவிட்டேன், போகிறேன் என்றார். பெற்றவர்கள் போன பிறகு அவர்களுடைய கூட்டாளிகளைப் பேணுவதும் பெற்றவர்களுக்குச் செய்வதுதான் என்பது எங்கள் மார்க்கம். விடாமல் உள்ளே அழைத்து, அவசரமாகச் சமைத்து, சகனில் சோறு வைத்தேன். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்கள் எல்லாரும் பட்டினி கிடக்க, நான் தனியச் சாப்பிட மாட்டன் பிள்ளை. மூடி வை. பின்னேரம் பாங்கு சொல்லட்டும்."

அன்று பொழுதுபடும்வரை ஐயா தண்ணீரும் குடிக்காமல் வாப்பாவின் சாய்மனைக் கதிரைக்குப் பக்கத்தில் இருந்தார். பாங்கு சொன்னதும், நோன்பு திறக்கும் முதல் பேரீச்சம்பழத்தை அவருடைய கையில்தான் வைத்தேன். வாப்பாவுக்கு நான் இனிச் செய்யக்கூடியது அதுதான்.

மகள்