பதினோராம் கட்டிலின் பிளாஸ்திரி

அவர் பெயர் ஞாபகமில்லை. பதினோராம் நம்பர் கட்டில், காலில் ஆறாத சர்க்கரைப் புண். மருத்துவ மேற்படிப்பில் மூன்று மாதப் பயிற்சிக்காகப் புதுக்கோட்டைப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தபோது பார்த்தேன். ஒடிசலான விவசாயி. முழங்கைக்குக் கீழே எப்போதும் ஒரு பிளாஸ்திரி ஒட்டியிருப்பார். அதில் பேனாவால் ‘பெனிசிலின் ஆகாது’ என்று எழுதியிருக்கும்.

“கேஸ் ஷீட்லயே இருக்கே, இது எதுக்குங்க?” என்று ஒருநாள் கேட்டேன்.

“போன தடவையும் இருந்துச்சு டாக்டரம்மா. டாக்டருங்க மாறுன அன்னைக்குப் புதுத் தாள் வச்சாங்க. அதுல எழுத விட்டுப்போச்சு. ஊசி போட்டதும் தொண்டை அடைச்சிருச்சு. தாளு மாறிப்போயிரும், கை எங்க போயிரும்?”

என் கடைசி நாள் காலையில் அந்தக் கை வெறுமையாக இருந்தது. நனைந்து கழன்றுவிட்டதாம்.

“ஒண்ணு ஒட்டிவிட்டுட்டுப் போங்க.”

பிளாஸ்திரி வெட்டிப் பெரிதாக எழுதினேன். அதற்குள் ஆபீஸில் கையெழுத்துப் போடக் கூப்பிட்டார்கள். “இந்தா வந்துர்றேங்க” என்று போனேன்.

திருச்சி பஸ் கீரனூரைத் தாண்டும்போது கோட்டுப் பைக்குள் கைவிட்டேன். பிளாஸ்திரி சுருண்டு கிடந்தது. காலையில் அவருடைய கேஸ் ஷீட்டில் நான் வைத்த புதுத் தாளிலாவது அதை எழுதினேனா என்று யோசித்தேன். நினைவு வரவில்லை.

வார்டுக்குப் போன் போட்டேன்.

“பதினொண்ணா? புது டாக்டர் இப்பத்தான் ஊசி எழுதிட்டுப் போனாரு” என்றார் நர்ஸ்.

“என்ன ஊசி?”

“இருங்க, பாத்துட்டு வாரேன்.”

ரிசீவரை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அவருடைய செருப்புச் சத்தம், அவசரமே இல்லாமல், கட்டில்களுக்கு நடுவே தள்ளிப் போய்க்கொண்டிருந்தது.