பிள்ளைகளை உட்காரவைத்த அம்மா

மழைக்கு முன்னால் ஊருணி வாய்க்காலைத் தூர்வாரிக் கொடுக்க, வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு ஊருக்குப் பள்ளிப் பிள்ளைகளை என் வேனில் ஏற்றிப் போயிருந்தேன். கூட வாத்தியார் ஒருவர். பிள்ளைகள் மண்கூடையைத் தூக்கியதும் ஒரு அம்மா வந்து நின்றார். பட்டாசுக் கம்பெனிக்குக் கிளம்பியவர். காதோரம் எத்தனை கழுவியும் போகாத வெள்ளிப் பவுடர் மினுங்கியது.

ஒவ்வொரு பிள்ளையின் கையையும் திருப்பி நகக்கண்ணைப் பார்த்தார். எந்தப் பிள்ளையைக் கண்டாலும் பட்டாசு மருந்து ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது அவர் பழக்கமாம்.

"விடிஞ்சும் விடியாம வேன்ல ஏத்தியாந்து வேலை வாங்குறீகளே, எந்தக் கம்பெனிக்குப் பிள்ளை பிடிக்கிற ஏஜென்ட்டு நீங்க?"

வாத்தியார் வேப்பமரத்து உச்சியை ஆராய்ந்துகொண்டிருந்தார். நான்தான் வாய் திறந்தேன். "இது சேவை தாயி. கூலி கிடையாது."

"கூலியும் கிடையாதா? அப்ப அதைவிட மோசமால்ல இருக்கு!"

பிள்ளைகள் நிழலுக்குப் போனார்கள். மண்வெட்டி என் கைக்கு வந்தது, கூடை வாத்தியார் தலைக்குப் போனது. தான் நகர்ந்தால் பிள்ளைகளை மறுபடி இறக்கிவிடுவோம் என்று அந்த அம்மா அன்றைக்கு வேலைக்கே போகாமல் காவல் இருந்தார். பிள்ளைகளோ, "வேகமா அண்ணே!" என்று கைதட்டினார்கள்.

சாயங்காலத்துக்குள் பாதி வாய்க்கால்தான் முடிந்தது. நாங்கள் கிளம்பும்போது அந்த அம்மா என் கையையும் திருப்பிப் பார்த்தார். கொப்புளம் கொப்புளமாக இருந்தது.

"மிச்சத்துக்கு நாளைக்கு வாங்க," என்றார். "பிள்ளைகளை விட்டுட்டு வாங்க."

அவர் பேர்கூட எனக்குத் தெரியாது. மறுநாள் போனேன். ஏன் போனேன் என்று என் வீட்டுக்காரியிடம் சொல்ல இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.