கழுத்து வளைவில் தயங்கும் தாளம்

திருவண்ணாமலையில் ரவிக்கை தைப்பது என் தொழில். செங்கம் சாலையில் ஒரு மாடி அறையில் கம்ப்யூட்டரில் இசையமைக்கக் கற்றுத்தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் போக ஆரம்பித்தேன். ஆறு பேர் படித்தோம். என்னைத் தவிர எல்லாரும் கல்லூரிப் பையன்கள்.

மூன்றாம் மாதம் ஆளுக்கொரு பாட்டு செய்யச் சொன்னார் சார். என் தையல் மிஷின் சத்தத்தைப் போனில் பதிவு செய்து, அதையே தாளமாக வைத்தேன். நேர்த் தையலில் மிஷின் கடகடவென்று ஓடும். கழுத்து வளைவு வந்ததும் மிதிக்கிற கால் தானாகத் தயங்கும், சத்தம் இழுபடும். அந்த இழுவையில்தான் என் மெட்டு வந்து உட்காரும். நாலு வாரம் அதோடு மல்லுக்கட்டினேன்.

பாட்டுகளைப் போட்டுக் காட்டும் நாளில் எங்கள் ஆறு பேர் வீட்டாட்களும் வந்திருந்தார்கள். பக்கத்துக் காபிக் கடையிலிருந்து சில வெளிநாட்டுக்காரர்களும் வந்தார்கள். என் பாட்டு ஆரம்பித்தது. வளைவு வரவேண்டிய இடத்தில் மிஷின் தயங்கவே இல்லை. நேர்த் தையல் போலவே கடகடவென்று ஓடியது. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"சார், நிறுத்துங்க. இது என்னுது இல்ல."

"உங்களுதுதாம்மா. டைமிங் அங்கங்க தப்பா இருந்துச்சு. கம்ப்யூட்டர்ல தாளத்துக்குன்னு இருக்கிற கட்டத்துல எல்லா அடியையும் கரெக்டா உக்கார வெச்சேன்."

"தப்பு இல்ல சார். வேணும்னுதான் அப்படி வெச்சேன். யாரக் கேட்டு கை வெச்சீங்க?"

"தாளம் ஆட்டம் கண்டா வந்தவங்க என்னத்தான சொல்லுவாங்க?" என்று சிரித்தார்.

"பசங்க பாட்டுலயும் கை வெச்சீங்களா?"

"அவங்களுக்குத் தேவைப்படல."

எழுந்து போய் ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கி என் போனில் செருகினேன். நான் செய்த பாட்டு அதில் இருந்தது. முழுசாகப் போட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தேன். கொஞ்சம் பேர் கைதட்டினார்கள். பக்கத்தில் இருந்த என் வீட்டுக்காரர் காதோரம் சொன்னார்: "ரெண்டும் ஒரே மாதிரிதான கீது. இதுக்கா இவ்ளோ கோவம்?"

சார் மேல் வந்ததைவிட அவர் மேல் ஜாஸ்தியாக வந்தது.

அடுத்த ஞாயிறும் போனேன். எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது, வேறெங்கே போவேன்? பையன்கள் முன்னாலேயே சொன்னேன்: "இனிமே என் பாட்டுல எது மாத்தணும்னாலும் என்னைக் கேளுங்க சார்."

"சரிம்மா" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அதற்குப் பிறகு என் பாட்டுகளை அவர் தொடவில்லை. செய்தது தப்பு என்று ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை.