இரண்டு கட்டில், ஒரு மர்மக்கதை

1. “கயட்டி வுடுக்கா”

ஏழுமலை எங்கள் சென்டருக்கு வந்த புதிதில், மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கையில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைப் பிய்க்கப் போனார். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“கயட்டி வுடுக்கா. என்னால ஆவாது. சீலிங்கயே பாத்துகினு எம்மாந்நேரம் கெடக்கறது? ஜெயில்ல கூட எந்திரிச்சி நடக்க வுடுவான்.”

“பாதியில கழட்டுனா உடம்புல இருக்குற தண்ணி அப்படியே நிக்கும் ஏழுமலை. வூட்டுக்குப் போனா மூச்சு வாங்கும்.”

“வாங்கட்டும். நான் பாத்துக்கறேன்.”

நான் எஸ்தர். செங்கல்பட்டில் ஒரு அறக்கட்டளை நடத்தும் டயாலிசிஸ் சென்டரில் சீனியர் டெக்னீஷியனாக இருந்து அண்மையில் ஓய்வு பெற்றேன். டயாலிசிஸ் டெக்னீஷியன் படிப்பை முடித்துவிட்டு வேலைக்கு வரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். மெஷினைப் பற்றி உங்களுக்குப் பாடத்திலேயே சொல்லியிருப்பார்கள். மெஷினோடு கட்டிப்போடப்பட்ட மனிதரைப் பற்றித்தான் நான் சொல்ல வேண்டும்.

ஏழுமலைக்கு நாற்பது வயதிருக்கும். கேளம்பாக்கத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். ரத்த அழுத்தத்தைக் கவனிக்காமல் விட்டதில் இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரம் இரண்டு முறை, திங்களும் வியாழனும், திருப்போரூர் வழியாக பஸ் பிடித்து வர வேண்டும். வந்தால் நான்கு மணி நேரம் படுக்கை. காலையிலிருந்து இரவு வரை சாலையிலேயே இருந்து, ஆள் ஏற்றி, கத்தி, சண்டை போட்டுப் பழகிய மனிதருக்கு அந்தக் கட்டில் நரகம். அதனால் வராமல் இருக்க ஆரம்பித்தார். போன் செய்தால், “வண்டி ரிப்பேருக்கா” என்பார்.

இரண்டு முறை தொடர்ந்து வராமல் போய், அடுத்த தடவை அவர் மனைவி மல்லிகா அவரைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தாள். அவர் முகம் உப்பியிருந்தது. பேச முயன்றார், மூச்சுத்தான் வந்தது. டாக்டர் அன்று கோபப்படவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்.

“நுரையீரல்ல தண்ணி சேர்ந்திருக்கு ஏழுமலை. இன்னொரு தடவை இப்படி வந்தா, உள்ளே வர்றதுக்கு முன்னாடியே போயிடுவீங்க.”

மல்லிகா வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். “எக்கா, நான் சொன்னா கேக்க மாட்டுது. உயிர் மேல ஆசை கீது, ஆனா இந்தக் கட்டில் மேல கொஞ்சம் கூட இஷ்டம் இல்ல. நீயே எதனா பண்ணுக்கா.”

என்ன செய்வது என்று எனக்கும் தெரியவில்லை.

2. பக்கத்துக் கட்டில்

வழி காட்டியது தேவகியம்மா. கருங்குழியில் டிபன் கடை வைத்திருந்தவர். எங்களிடம் பல வருடமாக டயாலிசிஸுக்கு வருகிறவர். அவருடைய மகள் போனில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்திருந்தாள். அதில் நாவல்களை யாராவது வாசிப்பார்கள், இவர் கேட்பார். குடும்பக் கதை பிடிக்காது. “அது என் வூட்டுலயே ஓடுது” என்பார். கொலை, கடத்தல், ஆள் காணாமல் போவது, இதெல்லாம்தான் வேண்டும்.

காது கொஞ்சம் மந்தம் என்பதால் சத்தமாகவே வைப்பார். ஏழுமலையை அந்த வாரம் தேவகியம்மாவுக்குப் பக்கத்துக் கட்டிலில் போட்டோம். திட்டம் எதுவும் இல்லை, அந்த இடம்தான் காலியாக இருந்தது.

அப்போது தேவகியம்மா கேட்டுக்கொண்டிருந்த கதை இது. மலையடிவார ஊர் ஒன்றில் கேபிள் கட்டுகிற ஆள் காணாமல் போகிறான். ஆனால் அவன் போனிலிருந்து ஒரு ரிடையர்ட் டீச்சர் வீட்டுக்குத் தினமும் அழைப்பு வருகிறது. எடுத்தால் யாரும் பேசுவதில்லை. விசாரிக்க ஒரு பெண் எஸ்.ஐ. வருகிறார்.

ஏழுமலை முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருந்தார். கொஞ்ச நேரத்தில், “டவர் வெச்சி புடிக்க வேண்டியதுதான? இன்னா போலீசு இவுங்க?” என்று முணுமுணுத்தார்.

“சும்மா கேளுப்பா. அது அந்த ஊருக்கே ஒரு டவர்தானாம்” என்றார் தேவகியம்மா.

பிறகு ஏழுமலை பிளாஸ்திரியைத் தொடவில்லை. மெஷின் முடியும் நேரம், எஸ்.ஐ. அந்த ஆள் தங்கியிருந்த லாட்ஜ் அறைப் பூட்டை உடைக்கிறார். கதவு திறக்கிறது. தேவகியம்மா போனை அணைத்துவிட்டார்.

“தேவகிம்மா! உள்ள இன்னா கீது?”

“வியாயக்கெயம வா. தெரியும்.”

“கத பேராவது சொல்லு, நானே கேட்டுக்கறேன்.”

“சொல்ல மாட்டேன். சொன்னா நீ ஆட்டோல போட்டுக் கேட்டுடுவ. இங்க வர மாட்ட.”

வியாழக்கிழமை நான் ஷட்டர் தூக்கும்போதே ஏழுமலை வாசலில் நின்றிருந்தார். திங்கட்கிழமையும் வந்தார். ‘வண்டி ரிப்பேர்’ அத்தோடு நின்றது. வீக்கம் வடிந்தது. எடை டாக்டர் சொன்ன அளவுக்கு வந்து நின்றது. மருந்து மாற்றியதாலா என்று டாக்டர் என்னிடம் கேட்டார். நான் பக்கத்துக் கட்டிலைக் காட்டினேன்.

அவர் சிரிக்கவில்லை. “திகில் கதை கேட்டா பிபி ஏறாதா சிஸ்டர்?” என்றார். நல்ல கேள்விதான். சில நாட்கள் வழக்கத்தைவிட அடிக்கடி பிபி பார்த்தேன். பெரிய வித்தியாசம் இல்லை. ஏழுமலைக்கு பஸ்ஸில் வந்து இறங்கியபோதுதான் அதிகம் இருந்தது.

மற்ற பேஷன்டுகள் தூங்க முடியவில்லை என்று சொன்னதால், ஒரே போனில் இரண்டு ஹெட்போன் மாட்டுகிற வயர் ஒன்று வாங்கி வந்தேன். இருவருக்கும் ஒரே கதை, ஒரே நேரத்தில் ஓடும். அவர்களுக்கு அது மட்டும் போதவில்லை, பேசவும் வேண்டும். யார் கொலைகாரன் என்று இருவருக்கும் பெரிய வாக்குவாதம். ஏழுமலை லாட்ஜ் மேனேஜரைச் சந்தேகித்தார். தேவகியம்மா காணாமல் போனவனின் மச்சானைச் சந்தேகித்தார். பயங்கரமான இடம் வந்தால் ஏழுமலை “அய்யய்யோ, போவாத போவாத!” என்று எஸ்.ஐ.யை எச்சரிப்பார். கடைசிக் கட்டிலில் இருக்கிறவர் வரை திரும்பிப் பார்ப்பார்கள்.

3. சத்தம் வராத இடம்

அன்று காலையிலிருந்து மழை. ஏசி குளிர் அதிகமாக இருந்தது. எல்லாரும் போர்வை கேட்டார்கள். ஊசி போட்ட கை எப்போதும் போர்வைக்கு வெளியே இருக்க வேண்டும் என்பது எங்கள் விதி. சுற்றி வந்து பார்த்தேன், ஏழுமலையின் கை வெளியேதான் இருந்தது. பிறகு நான் கடைசிக் கட்டிலில் ஒருவருக்கு மெஷினை முடித்து ஊசி எடுக்கப் போனேன்.

கையில் இரண்டு ஊசி இருக்கும். ஒன்று ரத்தத்தை மெஷினுக்குக் கொண்டுபோகும். இன்னொன்று சுத்தமான ரத்தத்தை உடம்புக்குத் திருப்பித் தரும். அந்த இரண்டாவது ஊசி கழன்றால் உடம்பிலிருந்து ரத்தம் போய்க்கொண்டே இருக்கும், திரும்பி வராது. மெஷின் பெரும்பாலும் அலாரம் அடித்துக் கத்திவிடும். ஆனால் கழன்ற ஊசி மெத்தையிலோ போர்வையிலோ அழுந்திக் கிடந்தால், குழாயின் அழுத்தம் எல்லைக்குள்ளேயே நின்று மெஷின் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். படித்திருந்தேன். அதுவரை பார்த்ததில்லை.

கதையில் அப்போது எஸ்.ஐ. டீச்சர் வீட்டில் தனியாக இருக்கிறார். கரண்ட் இல்லை. காணாமல் போனவனின் நம்பருக்கு அவரே போன் போட்டுப் பார்க்கிறார். அதே வீட்டுக்குள், பீரோவுக்குள்ளிருந்து மணி அடிக்கிறது.

தேவகியம்மா “அம்மாடி!” என்று கத்தியதை நான் கேட்டேன். வழக்கம்தானே என்று திரும்பவில்லை. அடுத்த நொடி குரல் மாறியது.

“எஸ்தரு! இங்க வா! சீக்கிரம் வா!”

“இன்னாம்மா?”

“இவன் கத்தல. பீரோல மணி அடிக்குது, இவன் வாயே தொறக்கல. இவன் கதய கேக்கல எஸ்தரு!”

நான் நின்ற இடத்திலிருந்து ஏழுமலை சுகமாகக் கதை கேட்டுக்கொண்டிருப்பது போலத்தான் தெரிந்தது. போர்வை கழுத்து வரை இருந்தது. குளிருக்கு அவரே இழுத்துப் போர்த்தியிருந்தார். கிட்டே போனதும் நெற்றியில் வியர்வை. உதடு வெளுத்திருந்தது. கண் பாதி திறந்து எங்கோ பார்த்தது.

போர்வையைத் தூக்கினேன். மெத்தை சிவப்பாக நனைந்திருந்தது.

பம்பை நிறுத்தினேன். ரத்தம் போகும் குழாய்களை க்ளாம்ப் போட்டு அடைத்தேன். ஊசி இருந்த இடத்தில் பஞ்சு வைத்துக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே ஜூனியர் பெண்ணைக் கூப்பிட்டேன். அவள் தலைப்பக்கத்தைத் தாழ்த்தி, ஆக்சிஜன் வைத்தாள். கையில் நின்றிருந்த இன்னொரு ஊசி வழியாக சலைன் ஓடவிட்டோம். டாக்டர் படியேறி ஓடிவந்தார். “பிபி?” என்றார். ஜூனியர் சொன்ன நம்பர் அவருக்குப் பிடிக்கவில்லை. “இன்னொரு பாட்டில். வேகமா.”

“ஏழுமலை! ஏழுமலை, எஸ்தர் அக்கா பேசுறேன். என்னைப் பாருங்க.”

அவர் பார்வை திரும்பவில்லை. நான் கட்டைவிரல் அழுத்தத்தை விடவில்லை. பக்கத்துக் கட்டிலில் தேவகியம்மா, தானும் மெஷினில் மாட்டியிருந்ததால் எழுந்து வர முடியாமல், “டேய் ஏழுமல, டேய் ஏழுமல” என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

சலைன் உள்ளே போகப் போக உதட்டில் மெல்ல நிறம் வந்தது. கண் அசைந்தது. என்னைப் பார்த்தார்.

“இன்னாக்கா, எல்லாரும் நின்னுகினு கீறீங்க?”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தேவகியம்மா அழுதுகொண்டே அவரைத் திட்டினார். “பேஜாரு புடிச்சவனே, போர்வய ஏண்டா இழுத்த?”

4. மல்லிகா கேட்டது

ஏழுமலையைப் பக்கத்து ஆஸ்பத்திரியில் சேர்த்து ரத்தம் ஏற்றினார்கள். மல்லிகா ஈரத்தோடு ஓடிவந்தாள். இந்த மாதிரி நேரத்தில் குடும்பத்திடம் சுற்றி வளைத்துப் பேசத் தோன்றும். வேண்டாம். நடந்ததை நடந்தபடி சொன்னேன். ஊசி கழன்றது, போர்வை மூடியிருந்தது, மெஷின் கத்தவில்லை, தேவகியம்மா கவனித்தார்.

“இப்ப உயிருக்கு ஒண்ணும் இல்லயேக்கா?”

“ஒண்ணும் இல்ல. நாளைக்கு அனுப்பிடுவாங்க.”

அவள் முந்தானையால் முகத்து ஈரத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, “அந்தக் கதய நிறுத்திட மாட்டீங்களே? அது இல்லன்னா இவுரு வர மாட்டாரு” என்றாள்.

நான் டாக்டரிடம் கேட்டேன். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார். “கதை இருக்கட்டும் சிஸ்டர். ஹெட்போன் ஒரு காதுல மட்டும். கை கண்ணுக்குத் தெரியணும், குளிருதுன்னா ஏசியைக் குறைங்க.” பிளாஸ்திரி ஒட்டும் முறையையும் மாற்றினோம். ஊசி கழன்றால் ஈரத்தை உணர்ந்து ஒலிக்கும் சென்சார் வேண்டும் என்று நிர்வாகத்திடம் கேட்டோம். கொஞ்சம் இழுத்தடித்துத்தான் தந்தார்கள், தந்துவிட்டார்கள்.

5. கடைசி அத்தியாயம்

அடுத்த திங்கட்கிழமை ஏழுமலை வந்தார். நடை மெதுவாக இருந்தது. தேவகியம்மா கதையை அந்த பீரோ மணி அடித்த இடத்திலேயே நிறுத்தி வைத்திருந்தார். இத்தனை நாளும் அவரும் கேட்கவில்லை.

“நீயாவது கேட்டிருக்கலாம் இல்ல?” என்றார் ஏழுமலை.

“தனியா கேக்க பயமா இருந்துச்சிப்பா.”

அன்று இருந்த மற்ற பேஷன்டுகள், ஹெட்போன் வேண்டாம், எங்களுக்கும் வையுங்கள் என்றார்கள். நடந்தது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. போனை நடுவில் ஸ்டூல் மேல் வைத்தோம். நான் ஒவ்வொரு கட்டிலாகப் போய்ப் பார்த்தேன். எல்லாக் கைகளும் வெளியே இருந்தன.

கொலை செய்தது லாட்ஜ் மேனேஜரும் இல்லை, மச்சானும் இல்லை. அழைப்பு வருகிறது என்று புகார் கொடுத்த டீச்சரேதான். ஏழுமலை, “அடிப்பாவி!” என்று போட்ட சத்தத்தில் கீழே இருந்த செக்யூரிட்டி மேலே ஓடிவந்து எட்டிப் பார்த்தார்.

வேறொரு நாளாக இருந்தால், மெதுவாகப் பேசுங்கள் என்று சொல்லியிருப்பேன். அன்று சொல்லவில்லை. திரும்பி நின்று சலைன் பாட்டில்களை அடுக்குவது போலக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

ஏழுமலை இப்போதும் வருகிறார். டயாலிசிஸ் இல்லாத நாட்களில் ஆட்டோ ஓட்டுகிறார். தேவகியம்மாவோடு அடுத்தடுத்து பல கொலைகளைத் துப்பு துலக்கிவிட்டார், எதிலும் சரியாகச் சொன்னதில்லை.

வேலைக்கு வரும் பிள்ளைகளே, அலாரத்தை நம்புங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். உங்கள் பேஷன்ட் எதற்குச் சிரிப்பார், எதற்குக் கோபப்படுவார், எந்த இடத்தில் கத்துவார் என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். கத்துகிறவரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கத்த வேண்டிய இடத்தில் சும்மா இருக்கிறவரிடம் ஓடிப் போங்கள்.