சித்திரை அமாவாசை நடைப் போட்டி

அப்போது எனக்குப் பதினாறு வயது. பதினோராம் வகுப்புப் பரீட்சையை எழுதிவிட்டு, முடிவு வருகிறவரை காஞ்சிபுரத்துத் தெருக்களில் சும்மா சுற்றிக்கொண்டிருந்தோம், ஐந்து பேர். ஏதாவது உருப்படியாகச் செய்யலாம் என்று ஆரம்பித்ததுதான் இது. தறி வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்குச் சாயங்காலத்தில் எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுப்பது என்று முடிவு செய்தோம். ஒரு சத்திரத்துக் கூடம் இலவசமாகக் கிடைத்துவிட்டது. ஸ்லேட்டும் விளக்கும் வாங்கத்தான் பணம் இல்லை.

எங்கள் வீட்டில் தறி கிடையாது. என் அப்பா அரிசி மண்டியில் மூட்டை தைப்பவர். தறியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் தெருவில் போகும்போது காதில் விழும் சத்தம்தான். பேரப்பிள்ளைகளா, உங்களுக்கும் தெரியாது என்பதால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று நெய்கிற பட்டுப் புடவைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் நெய்வார். பக்கத்தில் ஒரு பிள்ளை உட்கார்ந்து கரைக்கான நூல் சுற்றிய நாடாக்கட்டையை இழைகளுக்கு நடுவே தள்ளிக்கொண்டே இருக்கும். பிள்ளையின் கை நின்றால் தறியே நின்றுவிடும். அதனால் நெய்பவர் "போதும்" என்று சொல்கிறவரை அந்தக் கை நிற்கக் கூடாது. எட்டு வயது, ஒன்பது வயதுப் பிள்ளைகள்தான் அதற்கு உட்காருவார்கள். அமாவாசை அன்று மட்டும் தறிக்கு விடுமுறை.

அந்த அமாவாசையில் ஒரு நடைப் போட்டி வைப்போம் என்றேன் நான். பிள்ளைகள் மைதானத்தைச் சுற்றி நடக்க வேண்டும். ஒரு சுற்றுக்கு இவ்வளவு என்று யாராவது பணம் தர வேண்டும். யாரிடம் கேட்பது? அதற்கும் நான்தான் வழி சொன்னேன். "தறிக்காரங்களையே கேப்போம்பா. அவங்கவங்க தறிப் பிள்ளைக்கு அவங்கவங்க காசு. வீம்புக்காவது குடுப்பாங்க."

வீம்பு நன்றாகவே வேலை செய்தது. கேட்ட வீடுகளில் எல்லாம் சரி என்றார்கள்.

சித்திரை மாதம். காலை எட்டு மணிக்கு இருபது பிள்ளைகள் வந்தார்கள். ஒருவர் காலிலும் செருப்பு இல்லை; அதை அன்று நாங்கள் கவனிக்கவும் இல்லை. தறிக்காரர்கள் வேப்பமர நிழலில் நின்றுகொண்டு சத்தம் போட்டார்கள். ஒருவருடைய தறியில் இருந்து வந்த ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி, மற்றவர்களைப் போல ஓடி இளைக்காமல், ஒரே வேகத்தில் நடந்தாள். அவளுடைய தறிக்காரருக்குத் தலைகால் புரியவில்லை.

"அப்படித்தாம்மா! நான் சொல்றவரைக்கும் நிக்காதே, ஆமா!" என்று கத்தினார்.

சுற்றுகளைக் குறித்துக்கொண்டிருந்தவன் நான். அவள் என்னைத் தாண்டும்போது, "பதினெட்டு! இன்னும் ரெண்டு போனா ஒரு ஸ்லேட்டு வந்துடும்மா, விடாதே!" என்று நானும் கத்தினேன். பிள்ளைகளா, இதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். நான் அப்படிக் கத்தினேன்.

பத்து மணிக்கு நண்பன் விசில் ஊதினான். பிள்ளைகள் நிழலுக்கு ஓடிவந்து விழுந்தார்கள். பென்சிலும் கடலை உருண்டையும் கொடுத்தோம். கூட்டம், நெரிசல், சண்டை. கடைசியில் ஒரு பென்சில் மிச்சம் இருந்தது. யாருக்குக் கொடுக்கவில்லை என்று தலையைத் தூக்கிப் பார்த்தேன். மைதானத்தின் அந்தக் கோடியில் அந்தப் பெண் இன்னும் நடந்துகொண்டிருந்தாள்.

விசில் ஊதி முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.

"முடிஞ்சுபோச்சும்மா, வா!" என்று கூப்பிட்டேன். அவள் திரும்பவில்லை. ஓடிப்போய் எதிரே நின்றேன். என்னைச் சுற்றிக்கொண்டு போனாள். முகம் கறுத்து, உதடு காய்ந்து வெடித்திருந்தது.

"ஏம்மா, விசில் கேக்கலையா?"

"கேட்டுச்சுண்ணா."

"அப்புறம் இன்னும் ஏன் நடந்துக்கினு இருக்கே?"

"மாமா இன்னும் போதும்னு சொல்லலியேண்ணா."

கையைப் பிடித்து நிறுத்தினேன். அவள் என்னிடமிருந்து திமிறினாள். "விடுண்ணா, மாமா வந்தா திட்டும். எங்கப்பா அவர்கிட்ட பணம் வாங்கியிருக்குது." அப்போதுதான் கீழே பார்த்தேன். அவள் வந்த வழியில், வெந்த மண்ணில் சின்னச் சின்னதாக ரத்தத் தடம். பாதத்தில் தோல் உரிந்து தொங்கியது. என் கை தானாக விட்டுவிட்டது. அவள் மறுபடி நடந்தாள்.

தறிக்காரரைத் தேடி ஓடினேன். சோடாக் கடையில் இன்னொரு தறிக்காரரைக் கேலி செய்துகொண்டிருந்தார். "உன் பையன் நடந்தானா, ஊர்ந்தானாய்யா?"

"அண்ணே, உங்க தறிப் பொண்ணு இன்னும் நடக்குது!"

"இன்னுமா?" என்று கேட்டவர், அடுத்தவரைப் பார்த்துச் சிரித்தார். "பாத்தியா? என் தறியில பழகின பொண்ணு! சரி தம்பி, போதும்னு சொல்லு போ."

"நான் சொன்னா நிக்கலண்ணே. நீங்க வரணும்."

சோடாவைக் குடித்து முடித்துவிட்டுத்தான் வந்தார். மைதானத்து ஓரத்தில் நின்று, "போதும்மா!" என்றார். சாதாரணக் குரல்தான். அவள் நின்ற இடத்திலேயே, அந்த வெயிலிலேயே, உட்கார்ந்துவிட்டாள். தூக்கிவந்து தண்ணீர் கொடுத்தோம். பாதி குடித்ததும் வாந்தி எடுத்தாள். அவள் காலைப் பார்த்ததும் தறிக்காரரின் சிரிப்பு போய்விட்டது. ரிக்‌ஷா பிடித்து அவளை ஏற்றிக்கொண்டு போனார்.

நாங்கள் ஐந்து பேரும் அங்கேயே நின்றோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியவில்லை. அன்றைக்கு எல்லாரையும்விட அதிகப் பணம் சேர்த்துக் கொடுத்தவள் அவள்தான்.

அந்தப் பணத்தில் ஸ்லேட் வாங்கினோம், வகுப்பும் ஆரம்பித்தது. அவள் வரவில்லை. நாலாம் நாள் தறிக்காரர் வீட்டுக்குப் போனேன். காலில் துணி சுற்றிக்கொண்டு, தறியில் உட்கார்ந்து நாடா தள்ளிக்கொண்டிருந்தாள். என்னை ஒரு தடவை பார்த்தாள். கை நிற்கவில்லை.

"சாயங்காலம் ஒரு மணி நேரம் இவளை அனுப்புங்கண்ணே."

"அனுப்பிட்டு? கரையை யாரு தள்றது, உன் ஸ்லேட்டா?"

"நான் தள்றேன்."

அவர் தறியை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பதினொண்ணு படிச்ச கையி! இழையை அறுத்து வெச்சேன்னா?"

"கத்துக்கறேண்ணே."

என்ன நினைத்தாரோ, "வா, பாப்போம்" என்றார்.

தினமும் ஐந்தரை மணிக்கு அவள் எழுந்து போவாள், நான் அவள் இடத்தில் உட்காருவேன். முதல் வாரம் நான் அறுக்காத இழை இல்லை, வாங்காத திட்டு இல்லை. "எருமைக்குக் கூட பழக்கிடலாம்பா" என்பார். அரை மணியில் முதுகு பிடித்துக்கொள்ளும். விரல் நுனி வீங்கியது. அவள் இந்த இடத்தில் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறாள் என்று ஒவ்வொரு நாளும் புதிதாகத் திடுக்கிடுவேன். ஆனாலும் அவள் அங்கே 'அ' எழுதிக்கொண்டிருப்பாள் என்று மனசுக்குள் ஒரு பெருமை.

பத்து நாள் கழித்து, வகுப்பு எடுக்கும் நண்பன் தயங்கித் தயங்கிச் சொன்னான். "அந்தப் பொண்ணு ஒரு எழுத்தும் எழுதலபா. வந்ததும் ஸ்லேட்டு மேல தலைய வெச்சுத் தூங்கிடுது."

"ஒரு மணி நேரமுமா?"

"ஆமா. எழுப்பினா எழுந்துக்குது. உக்காந்துக்கினே மறுபடி தூங்கிடுது."

முதலில் வந்தது கோபம்தான். இதற்கா என் விரல் வீங்கியது என்று. வீங்கிய விரலைப் பார்த்தேன்.

"நாளைக்கு இன்னா பண்ணட்டும்? தண்ணி தெளிச்சு எழுப்பட்டுமா?" என்று கேட்டான்.

"வேணாம்பா," என்றேன். "தலைக்கு ஸ்லேட்டு வேணாம், ஒரு துணி மடிச்சு வை. ஆறரைக்கு மட்டும் எழுப்பு."

மறுநாள் ஐந்தரைக்குப் போய் அவள் இடத்தில் உட்கார்ந்தேன்.